பாலத்துக்குப் பாலம் பேசிய பிகுன் அக்கா

பிகுன் அக்காவுடன் சாப்பிட உட்கார்ந்தால் சுட்ட கோழியில் நமக்குக் கழுத்துதான் மிஞ்சும். இதை எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். கோன்கேன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் திசு வங்கியில் அவள் நர்ஸ், நான் வேன் டிரைவர். வருஷக்கணக்காக ஒரே கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தின்றவர்கள் நாங்கள். அவளைக் கேலி செய்ய எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

என் பெயர் ஆமை. பிறந்தபோது கழுத்தே தெரியாமல் கிடந்தேன் என்று அம்மா வைத்த செல்லப்பெயர், அதுவே நிலைத்துவிட்டது. அவசர வண்டியைப் போயும் போயும் ஆமையிடம் கொடுத்திருக்கிறார்களே என்று ஊரே சிரித்தது. ஒருநாளும் நான் தாமதமாகப் போனதில்லை என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் வங்கியில் பணம் கிடையாது. இறந்தவர்களின் இதயத்திலிருந்து எடுத்த வால்வுகள் இருக்கின்றன. ஒருவர் இறந்ததும் அவர் வீட்டார் சம்மதித்தால், நாங்கள் போய் இதயத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோம். இங்கே அதிலிருந்து வால்வைப் பிரித்து, மருந்தில் ஊறவைத்து, உறையவைத்துப் பாதுகாப்பார்கள். இதயத்தில் வழி சரியாக அமையாமல் பிறந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷனில் அதை வைத்துத் தைப்பார்கள். வால்வு என்ற சொல் அக்காவுக்குப் பிடிக்காது. ஏதோ தண்ணீர்க் குழாய் சமாசாரம் போல இருக்கிறதாம். கதவு என்றுதான் சொல்லுவாள்.

அவள் யசோதோன் பக்கத்து நெல்வயலில் பிறந்தவள். ஆள் பருமன், குரல் அதைவிடப் பருமன். இந்த வேலைக்கு வருமுன் குழந்தைகளின் இதய வார்டில் இருந்தாள். மாட்டுச் சவ்வில் செய்த வால்வுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பார்கள். சின்னப் பிள்ளைகளின் உடம்பில் அவை சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகும். சில பிள்ளைகளுக்கு அதுவும் கிடைக்காது. வார்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த புத்தர் கோயிலின் எரிமேடைப் புகைபோக்கி தெரியும். ஒருநாள் அப்போதைய பெரிய டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து ஜன்னலருகே நிறுத்தி, "அந்தப் புகையில எத்தனை நல்ல கதவு போகுது டாக்டர், பாத்துட்டு நிக்கிறீங்களே!" என்று வயிறெரிந்து கேட்டாளாம். அதிலிருந்துதான் வங்கி பிறந்தது என்பது அவள் கணக்கு. அவள் சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் மிச்சம் நிறைய இருக்கும்.

அவள் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஆரம்பத்தில் அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. "ஒண்ணு அந்தப் பெட்டி, இல்லைன்னா நான். முடிவு பண்ணிக்கோ" என்று ஒருநாள் வாசலை மறித்தார். "பெட்டிக்கு நேரமாச்சுங்க. போயிட்டு வந்து முடிவு பண்றேன்" என்று அவர் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். அன்று வேனில் காத்திருந்தவன் நான், அதனால் இதில் பாதி தள்ளவேண்டியதில்லை. இன்றும் அவள் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர் அவர்தான்.

சாவு வீட்டாரிடம் இதயத்தைக் கேட்பது லேசான காரியமா? இதயம் இல்லாமல் எரித்தால் அடுத்த பிறவியில் இதயம் இல்லாமல் பிறப்பார்கள் என்று எங்கள் பக்கம் பயப்படாத ஆள் இல்லை. அக்கா அவர்களை ஆஸ்பத்திரி அறையில் வைத்துப் பேசமாட்டாள். வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய், பாய் விரித்து, சுட்ட கோழியும் சோறும் பப்பாளிக்காய்க் கொத்தும் வாங்கிவைப்பாள். அழுதுகொண்டே நாலு வாய் உள்ளே போன பிறகுதான் பேச்சை எடுப்பாள். "கண்ணைக் குடுத்தவன் குருடா பிறப்பான்னா, காசைக் குடுத்தவன் பிச்சைக்காரனால்ல பிறக்கணும்? கோயிலுக்கு அள்ளிக் குடுக்குறப்ப அந்தப் பயம் வரலையே?" என்பாள். சிலர் சிரித்துவிடுவார்கள். சிலர் எழுந்து போய்விடுவார்கள். போனவர்களை அவள் துரத்தியதில்லை.

சம்மதித்தவர்களிடம் ஒரு வாக்குக் கொடுப்பாள். "கதவை ஒரு பிள்ளைக்கு வைக்கிற நிமிஷம் வரைக்கும் உங்க மனசு மாறலாம். மாறினா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நிறுத்துறேன்." டாக்டர்களுக்கு இது அறவே பிடிக்காது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்பார்கள். இதுவரை யார் மனதும் மாறியதில்லை, அதனால் சண்டையும் முற்றியதில்லை.

இனி பாலத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது எங்கள் ஊரில் கூடப் போகிறவர் பேசிக்கொண்டே போகவேண்டும். பாலம் வந்தால் பாலம் என்று சொல்லி ஜன்னல் வழியே சில்லறை போடவேண்டும். திருப்பம் வந்தால் திரும்புகிறோம் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் உயிர் தண்ணீரைத் தாண்டத் தெரியாமல் கரையிலேயே நின்றுவிடும். இது தெரியாத பிள்ளை கிடையாது. ஐஸ் பெட்டியோடு வேனில் ஏறிய முதல் நாளே அக்கா அதற்கும் இதையே செய்தாள். பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பாலம் வருது, பயப்படாதீங்க, என்கூடவே வாங்க" என்று சொல்லிக்கொண்டே வருவாள். சும்மா சாமான் கொண்டுவருவது போல அல்லாமல் இப்படி மரியாதையாகக் கொண்டுவருகிற வண்டி வேறு எங்கே இருக்கிறது? நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டோம். அதில் ஒரு தப்பு இருப்பதாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மஹாசாரகாம் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தான். இருபது வயது. வீட்டில் அவனைத் தும்பி என்று கூப்பிடுவார்கள். அம்மா பெயர் புவாலா. ஒல்லியாக, வெயிலில் காய்ந்து, கண்ணை இடுக்கிப் பார்க்கிற பெண். புருஷன் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இவன் ஒருவன்தான். மரத்தடியில் அந்த அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அக்காவும் அன்று தொடவில்லை, எனக்குத் தெரிந்து அந்த ஒருநாள்தான். கடைசியில், "எடுத்துக்கோ நர்சம்மா. எரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்றார். அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே இதயத்தை எடுத்தோம். உடம்பு தாய்மாமன் லுன்னோடு கிராமத்துக்குப் போனது. பெட்டி எங்களோடு சீ ஆற்றைத் தாண்டிக் கோன்கேனுக்கு வந்தது. அவனுடைய வால்வுகளில் ஒன்றுதான் தேறியது. ஆனால் நல்ல வால்வு.

இறந்தவரின் நூறாம் நாள் தானத்துக்கு அக்கா தவறாமல் போவாள். தும்பியின் வீட்டுக்கும் போனோம். துறவிகள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பியதும் ஊர்க்காரர்களோடு பாயில் உட்கார்ந்தோம். கொத்திறைச்சியும் மூங்கில் குருத்துக் குழம்பும். அக்கா வழக்கம்போல வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். புவாலா அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நர்சம்மா, அன்னைக்கு என் பிள்ளை நல்லபடியாப் போய்ச் சேந்தானா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? ராஜா மாதிரி கூட்டிட்டுப் போனேன். சீ ஆத்துப் பாலம் வந்துச்சு. 'தும்பி, பாலம் தாண்டுறோம்பா, பயப்படாத, என்கூடவே வா'ன்னு சொன்னேன். காசு போட்டேன். திருப்பத்துல சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல்லகூட 'இதான் எடம், உள்ள வா'ன்னு சொல்லித்தான் எறங்குனேன். வேணும்னா ஆமையைக் கேளுங்க."

நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

புவாலா அம்மாவின் கையிலிருந்த சோற்று உருண்டை அப்படியே நின்றது. "என்கூடவே வான்னா சொன்ன?"

"ஆமாம்மா. பாலத்துக்குப் பாலம்."

அந்த அம்மா தம்பியின் பக்கம் திரும்பினார். "லுன், நீ உடம்போட வந்தப்ப கூப்பிட்டியா?"

"தொண்டை கிழியக் கத்துனேன் அக்கா. டிரைவர்கூட 'ஏன்யா இப்படிக் கத்துற'ன்னான்."

"அவன் எந்த வண்டிக்குக் காது குடுப்பான்? நெஞ்சு எந்த வண்டில போச்சு?"

என் தலை இன்னும் பெருமையாக ஆடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"அதான்" என்றார் புவாலா அம்மா. "இவன் அப்பன் செத்த மறுநாளே கனவுல வந்து செருப்பைத் தேடுனாரு. இவன் ஒரு தடவைகூட வரல. என்மேல கோவமோ, நெஞ்சைக் குடுத்துட்டேன்னு மொகம் குடுக்கலையோன்னு நான் தினமும் அழுது கெடக்கேன். பிள்ளை வீட்டுக்கே வரலையா?"

"அம்மா, நான் மரியாதைக்குத்தான்..."

"மரியாதையாத்தான் கூட்டிட்டுப் போன. யாரு இல்லைன்னா? ஆனா என் வீட்டுப் பிள்ளைய உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்ட."

பிகுன் அக்காவுக்கு வாயடைத்து நான் பார்த்தது அன்றுதான். யாரிடமும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள். பெரிய டாக்டர்களையே ஓரங்கட்டுகிறவள். முகம் வெளுத்து, கையில் குழம்பு வழிய உட்கார்ந்திருந்தாள். புவாலா அம்மா எழுந்து உள்ளே போய், வேகவைத்த முட்டையும் ஒரு கவளம் சோறும் வாழையிலையில் கட்டி, வெள்ளை நூலும் மகனுடைய கட்டம்போட்ட துண்டும் எடுத்துக்கொண்டு வந்தார். வழிதப்பிய உயிரைக் கூப்பிட்டுவர எங்கள் பக்கம் இவைதான் கொண்டுபோவார்கள். "வண்டியை எடு. நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

நான் சாவியை எடுக்கத் தயங்கினேன். காரணம், அந்த வால்வு மறுநாள் காலையில் ஒரு பெண்பிள்ளைக்கு வைப்பதாக இருந்தது. வார்டில் கடைசிக் கட்டில். அதன் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டே மகளைப் பார்த்துக்கொள்கிறவர். என்னைக் கண்டால் ஒரு பொட்டலம் கையில் திணிக்காமல் விடமாட்டார். இவ்வளவும் எனக்குத் தெரியும், ஆனால் வால்வு யாருக்குப் போகிறது என்று கொடுத்தவர் வீட்டில் சொல்லக்கூடாது. அக்கா அந்த ஆபரேஷனைப் பற்றி வாயே திறக்காமல் இருந்திருக்கலாம். அந்த அம்மா பாட்டுக்கு நூலைக் கட்டிக் கூப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். வண்டி கிளம்பியதும் நான் கண்ணாடி வழியாக அக்காவுக்கு ஜாடைகூடக் காட்டினேன். அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நாளைக்குக் காலையில அதை ஒரு பிள்ளைக்கு வைக்கப் போறாங்க."

"வச்சுட்டா?"

"வச்சுட்டா திருப்பி எடுக்க முடியாது."

"அப்போ அவனும் அங்கேயே இருந்துருவானா?"

"தெரியலம்மா. எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்றது?"

புவாலா அம்மா அக்காவின் பக்கம் திரும்பினார். "மனசு மாறினா ஒரு வார்த்தை சொல்லுன்னியே. அது இப்பவும் நிக்குதா?"

"நிக்குது" என்றாள் அக்கா.

எனக்கு வந்த கோபத்துக்கு வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் போயிருப்பேன். பாலம் வந்தது. வாடிக்கையாகச் சில்லறைக்குப் போன அக்காவின் கை பாதியில் நின்றது. என் சீட்டின் பின்னால் சாய்ந்து மெல்லக் கேட்டாள்: "ஆமை, இதுவரைக்கும் எத்தனை பேரை இப்படிக் கூட்டிட்டு வந்திருப்பேன்? அத்தனை பேரும் வழி தெரியாம அங்கேயே நிக்கிறாங்களாடா?" நான் வண்டியை மெதுவாக்கிப் பாலத்தைத் தாண்டினேன்.

வழியிலேயே டாக்டர் தனவத்துக்குப் போன் செய்து சொன்னாள். மறுநாள் ஆபரேஷன் செய்யவேண்டியவர் அவர்தான். வயதில் அவளுக்கு இளையவர். கை சுத்தம், வாய் அவ்வளவு சுத்தமில்லை. போனில் அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா? அளவு பாத்து எல்லாம் முடிவாகியாச்சு. இது போனா இந்த அளவுல இன்னொண்ணு எப்ப வரும்னு சொல்ல முடியுமா? அந்தப் பிள்ளை தாங்குமா?"

"தெரியும் டாக்டர்."

"சட்டப்படி அது இப்ப வங்கிச் சொத்து!"

"சட்டம் உங்களோடது. வாக்கு என்னோடது. அந்தம்மா வேண்டாம்னு சொன்னா கதவுகளை வச்சிருக்கிற டாங்க் சாவியை நான் தரமாட்டேன். என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, தூக்குறதுக்கு உங்களால முடிஞ்சா." இந்த நிலைமையிலும் தன் உடம்பை வைத்து ஒரு கேலி.

வால்வுகளை உறையவைக்கும் அறை சின்னது. இடுப்புயரத்துக்கு வெள்ளிநிற டாங்க் ஒன்று, அவ்வளவுதான். அக்கா கையுறை போட்டு மூடியைத் தூக்கினாள். வெள்ளைப் புகை பொங்கித் தரையில் வழிந்தது. புவாலா அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யோ, இவ்வளவு குளிர்லயா வச்சிருக்கீங்க? பனி மாசத்துல ரெண்டு போர்வை கேப்பானே!"

அக்கா மூடியைச் சாத்தினாள். அந்த அம்மா மகனுடைய துண்டை விரித்து அதன்மேல் போர்த்தி, ஓரங்களை இழுத்துவிட்டார். அதே நேரம் டாக்டர் தனவத் விறுவிறுவென்று உள்ளே வந்தார். சண்டைக்குத்தான் வந்தார். டாங்க்கையும் துண்டையும் பார்த்ததும் நின்று, இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே குவித்து அந்த அம்மாவைக் கும்பிட்டார். வாய் எப்படியோ, வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

"நீங்கதான் வைக்கப்போற டாக்டரா?" என்று புவாலா அம்மா கேட்டார். "இது இல்லாம அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கு?"

"கொஞ்ச தூரம் ஓடும்மா. அப்புறம் மூச்சு வாங்கிக் குத்த வச்சு உக்காந்துக்கும். உதடு நாவப்பழம் தின்ன மாதிரி நீலமா இருக்கும்."

"வச்சா?"

"நாலு பிள்ளைங்க மாதிரி ஓடும்."

"என் பிள்ளை அங்க என்ன செய்வான்?"

அக்கா பதில் சொன்னாள். "கதவு வேலைம்மா. ரத்தம் நுரையீரலுக்குப் போற வழியில நிப்பான். வரும்போது தொறக்கணும், திரும்பி வராம மூடணும்."

"ராத்திரி?"

"ராத்திரியும்தான். அந்தப் பிள்ளை தூங்கினாலும் இவன் தூங்க முடியாது. லீவே கிடையாது."

"எத்தனை வருஷத்துக்கு?"

"ரொம்ப வருஷம் இருக்கும்மா, கவலைப்படாதீங்க" என்று டாக்டர் முந்திக்கொண்டார்.

"இல்லம்மா" என்றாள் அக்கா. "பத்து வருஷம் போல வரலாம். சில பிள்ளைக்கு அதுக்கு முன்னாலயே முடிஞ்சுரும். பிள்ளை வளரும், கதவு வளராது. அப்புறம் இதை எடுத்துட்டுப் பெருசா வேற வைக்கணும்."

டாக்டர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. நானும் கடித்தேன். காரியம் கெட்டது, பத்து வருஷத்துக்காக எந்தத் தாய் பிள்ளையை விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்தேன்.

புவாலா அம்மாவின் முகம் மாறியது. "எடுத்துருவாங்களா? அப்போ முடியுமா?"

"முடியும்மா. எல்லாக் கதவும் ஒருநாள் முடியும்."

"முடிஞ்சா இவனை விட்டுருவாங்கல்ல?"

அந்த அம்மா டாங்க் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எங்க பக்கத்து வீட்டு ஜந்தி மகன் தைவானுக்குப் போயிருக்கான், ஃபாக்டரி வேலைக்கு. ஒப்பந்தம் முடியாம வரமுடியாது. அவ வாசல்ல நின்னுக்கிட்டு தினமும் என்னைக் கேப்பா, 'தும்பிக்கு ஏதாவது வேலை தகைஞ்சுதா?'ன்னு. இவனும் நாலு தடவை நேர்காணலுக்குப் போனான். ஒருத்தரும் எடுக்கல. எனக்கு ஒண்ணுக்கும் வக்கில்லம்மான்னு சொல்லிட்டுப் போன அன்னைக்குத்தான் வண்டில விழுந்தான்."

அவர் முட்டையையும் சோற்றையும் பிரித்து டாங்க்முன் வைத்தார். நூலை எடுத்தார். நான் நினைத்தேன், கூப்பிடப் போகிறார் என்று. அக்காவும் அப்படித்தான் நினைத்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள். புவாலா அம்மா நூலை டாங்க்கின் கைப்பிடியில் சுற்றி முடிச்சுப் போட்டார், வெளியூர் போகிற பிள்ளைக்கு மணிக்கட்டில் கட்டுவதுபோல.

"தும்பி, அம்மா பேசுறேன். உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். வந்த எடத்துல பாத்தா உனக்கு வேலை வச்சிருக்காங்க. உன்னை எடுத்துக்கிட்டாங்கடா. உன்னைத்தான் வேணும்னு கேட்டு நிக்கிறாங்க. கஷ்டமான வேலைதான், லீவு இல்லையாம். சோம்பல் படாம செய்யி. சின்னப் பிள்ளை அது, உன்னை நம்பித்தான் தூங்கும். ஒப்பந்தம் முடிஞ்சதும் வேற எங்கயும் சுத்தாம நேரா வீட்டுக்கு வந்துரு. அம்மா கதவைச் சாத்தமாட்டேன்."

பிறகு எழுந்து அக்காவின் தோளைத் தட்டினார். "நீ ஏன் இப்படி நிக்கிற? நீ கூட்டிட்டு வந்ததுக்குத்தானே பிள்ளைக்கு வேலை கெடைச்சுது. நீதான் மேஸ்திரி, பாத்துக்கோ." பிகுன் அக்கா அப்படியே சரிந்து உட்கார்ந்து ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். அடக்கி அழ அவளுக்குத் தெரியாது. டாக்டர் தனவத் கைக்குட்டையை எடுத்தார். அவளுக்குத் தரப்போகிறார் என்று பார்த்தால் தன் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

முன்பு கூட்டிவந்தவர்களின் வீடுகளுக்கும் அக்கா பின்னால் ஒவ்வொன்றாகப் போனாள். தான் செய்ததை மறைக்காமல் சொல்லி, யாரிடம் என்று மட்டும் சொல்லாமல், அவர்கள் பிள்ளை, புருஷன், அக்காள் என்ன வேலையில் இருக்கிறார் என்றும் சொன்னாள். திட்டியவர்களும் உண்டு, கட்டிக்கொண்டவர்களும் உண்டு. எல்லா வீட்டு வாசலிலும் வண்டியில் காத்திருந்தவன் நான். அவளைப்போல இன்னொரு ஆளை எனக்குத் தெரியாது. அதை முகத்துக்கு நேரே சொன்னால் தலைக்கேறிவிடும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

டாங்க்கில் நூல் கட்டியதற்கு மறுநாள் ஆபரேஷன் மத்தியானம் தாண்டியும் நடந்தது. வாசலில் வாழைப்பழக் கடை போட்டிருக்கவில்லை. அந்த அப்பா சுவரோரம் குந்தியிருந்தார், நானும் அக்காவும் எதிரே. டாக்டர் தனவத் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். முதலில் அந்த அப்பாவிடம் போய்க் குனிந்து பேசினார். அந்த மனுஷன் கையைக் குவித்தபடி தரையில் நெற்றி பட விழுந்தார். பிறகு டாக்டர் எங்களைப் பார்த்தார். "நல்லாத் தொறக்குது. நல்லா மூடுது" என்றார்.

அக்கா புவாலா அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வேலைக்குச் சேந்துட்டான்."

மறுமுனையில் சேவல் ஒன்று கூவியது. பிறகு அந்த அம்மா போனை வாயிலிருந்து விலக்கி, வேலிக்கு அந்தப்புறம் பார்த்து, தொண்டை கிழிய ஒரு கத்துக் கத்தினார்.

"ஏ ஜந்தி! எங்கடி போன? வெளிய வா! என் மகனுக்கு வேலை கெடைச்சிருச்சுடி!"